பெரட்டில் பேர் கூப்பிட்டால் போதுமா?

தோட்டப்புற இளைஞர்களுக்காகத் தீட்டப்படும் திட்டங்கள், தீட்டியபடியே அவர்களிடம் போய்ச் சேர்கின்றனவா? அதை யார் பார்ப்பது? எப்படிப் பார்ப்பது?

"திட்டம் நல்ல திட்டம்தான். பிள்ளைகளுக்குத்தான் ஆர்வமில்லை."

இளைஞர்களுக்கான ஒரு முகாமோ வகுப்போ எதிர்பார்த்த பலனைத் தராதபோது நம்மிடையே அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. ஏற்பாட்டாளர் சொல்வார். மானியம் கொடுத்தவர் தலையாட்டுவார். சில வேளைகளில் பெற்றோரே ஒத்துக்கொண்டு விடுவார்கள். பதினாறு வயதுப் பையனைப் பற்றி இப்படி ஒரு தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டால் அது அவனோடு நெடுநாள் வரும். அடுத்த முகாமுக்குப் பெயர் எடுக்கும்போது, "அவன் வரமாட்டான், விடுங்க" என்று பக்கத்து வீட்டு அண்ணனே சொல்லிவிடுவார்.

ஆனால் அந்தத் தீர்ப்புக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்த நல்ல திட்டம் உண்மையிலேயே அவனிடம் போய்ச் சேர்ந்ததா? பன்னிரண்டு வாரம் என்று அறிக்கையில் எழுதிய வகுப்பு எத்தனை வாரம் நடந்தது? பயிற்சி பெற்ற ஆசிரியர் வந்தாரா, அவருக்குப் பதிலாக வேறு யாராவது வந்தார்களா? கையேட்டில் உள்ள பயிற்சிகளைப் பிள்ளைகள் செய்து பார்த்தார்களா, அல்லது யாரோ பேசியதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்களா?

இதற்கு விடை தெரியாமல் திட்டத்தையும் குறை சொல்ல முடியாது, பிள்ளையையும் குறை சொல்ல முடியாது. மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்வதற்கு முன்னால், நோயாளி அதைக் குடித்தாரா என்று பார்க்க வேண்டும் அல்லவா?

கோலா பிலா வரை வருவது

சிரம்பானிலிருந்து புக்கிட் புத்துஸ் மலைச்சாலை வழியாக ஏறி இறங்கினால் கோலா பிலா. அங்கிருந்து ஜுவாசே, பத்து கிக்கிர், பகாவ் என்று சாலை நீள்கிறது. நெகிரி செம்பிலானின் இந்தப் பக்கம் முழுவதும் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்களால் நிறைந்திருந்தது. இப்போது பல இடங்களில் செம்பனை. லயங்களில் இருந்த குடும்பங்கள் பல, அருகிலுள்ள தாமான்களுக்கும் பட்டணங்களுக்கும் போய்விட்டன. இன்னும் தோட்டத்திலேயே இருப்பவர்களுக்குப் பிள்ளைகளின் பள்ளியும் வகுப்பும் முகாமும் பேருந்தையோ அப்பாவின் மோட்டார் சைக்கிளையோ நம்பித்தான் இருக்கின்றன.

கோலா பிலாவில் கல்வி நிலையங்களுக்குக் குறைவில்லை. நெகிரி செம்பிலான் மெட்ரிகுலேஷன் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. யூஐடிஎம் பல்கலைக்கழகத்தின் கோலா பிலா வளாகமும் இங்கே உண்டு. ஆனால் கல்லூரி பக்கத்தில் இருப்பதாலேயே தோட்டத்துப் பிள்ளை அதற்குள் போய்விடுவதில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பாலம் வேண்டும். எஸ்பிஎம் வகுப்பு, வழிகாட்டிக் கருத்தரங்கு, தொழிற்பயிற்சி, தன்முனைப்பு முகாம் என்று நாம் நடத்தும் திட்டங்கள் எல்லாம் அந்தப் பாலத்தின் பலகைகள்தாம்.

பலகை போட ஆள் இல்லாமல் போனதில்லை. 1950களில் தொடங்கித் தோட்டந்தோறும் மணிமன்றங்கள் இளைஞர்களைக் கூட்டிப் பேசவும் எழுதவும் வைத்தன. 1979இல் உருவான கல்வி சமூகநல ஆய்வு அறவாரியம், 1982இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம், பள்ளியை விட்டு நழுவிய இளைஞர்களுக்காக 2011இல் தொடங்கிய மைஸ்கில்ஸ் அறவாரியம் என்று அந்த வரிசை நீண்டது. ஆலயங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் இளைஞர் கழகங்களும் தங்கள் பங்குக்குச் செய்து வருகின்றன. முயற்சி குறையவில்லை. பலகைகள் எல்லாம் சரியாக ஆணியடிக்கப்பட்டனவா என்று திரும்பிப் பார்க்கும் வழக்கம்தான் நமக்குக் குறைவு.

24 மணி நேரம் 7 மணி நேரமான கதை

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது எந்த இயக்கத்தையும் குறிப்பிடுவதல்ல, உதாரணக் கணக்கு மட்டுமே. ஆனால் தோட்டப்புறத்தில் வகுப்பு நடத்தியவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

நாற்பது மாணவர்கள். வாரம் ஒரு வகுப்பு, இரண்டு மணி நேரம். மொத்தம் 12 வாரம். அதாவது திட்டத்தில் எழுதப்பட்டது 24 மணி நேரம்.

ஒரு வாரம் அடைமழை. ஒரு வாரம் கோயில் திருவிழா. ஒரு வாரம் பயிற்சியாளர் கோலாலம்பூரிலிருந்து வர முடியவில்லை. ஆக, நடந்தது ஒன்பது வாரம், 18 மணி நேரம். பேருந்து எல்லாத் தோட்டங்களையும் சுற்றி வருவதற்குள் ஒவ்வொரு வாரமும் அரை மணி நேரம் போய்விடுகிறது. ஒன்பது அரை மணிகள் கழிந்து மீதி பதின்மூன்றரை. முதல் வகுப்பில் திறப்பு விழா, கடைசி வகுப்பில் சான்றிதழ் விழா. பிரமுகர் உரை, பொன்னாடை, படம், சாப்பாடு எல்லாம் சேர்ந்து அந்த இரண்டு வகுப்புகளிலும் மிஞ்சியிருந்த மூன்று மணி நேரத்தையும் எடுத்துக்கொண்டன. மீதி பத்தரை மணி நேரம். சராசரியாக ஒரு மாணவர் மூன்று வகுப்புகளில் இரண்டுக்கு வந்தார் என்று வைத்துக்கொண்டால், அவருக்குக் கிடைத்தது 7 மணி நேரம்.

இருபத்து நான்கில் ஏழு. முப்பது விழுக்காடுகூட இல்லை.

இதில் யாரும் ஏமாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். மழைக்கும் திருவிழாவுக்கும் பேருந்துக்கும் யார் மேல் பழி போடுவது? ஆனால் ஆண்டறிக்கையில் வருவது ஒரே வரிதான்: "12 வாரத் திட்டம், 40 மாணவர்கள், வெற்றிகரமாக நிறைவுற்றது." அடுத்த ஆண்டு எஸ்பிஎம் முடிவு வந்து, கணிதத்தில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை என்று தெரிந்ததும் அதே குழுவில் இன்னொரு வரி பிறக்கும்: "பிள்ளைகளுக்குத்தான் ஆர்வமில்லை."

தோட்டம் அறிந்த பாடம்

திட்டம் எழுதியபடி நடக்கிறதா என்று பார்ப்பதை ஏதோ பல்கலைக்கழகத்துச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த நம் அப்பா தாத்தாக்களுக்கு இது அன்றாடச் சங்கதி.

விடிவதற்கு முன்னால் பெரட்டு. பேர் கூப்பிட்டு ஆள் கணக்கு எடுப்பார்கள். செக்ரோலில் பதிவார்கள். ஆனால் வேலையைச் சரிபார்ப்பது அதோடு நின்றதா? மண்டோர் நிரை நிரையாகப் போய் வெட்டைப் பார்ப்பார். சாய்வு சரியாக இருக்கிறதா, பட்டை அளவுக்கு மேல் சீவப்பட்டிருக்கிறதா, கத்தி மரத்தில் பட்டுக் காயம் ஆகியிருக்கிறதா என்று கவனிப்பார். ஏனென்றால் ஆழமாக வெட்டினால் இன்றைக்குப் பால் கிடைத்தாலும் பட்டை திரும்ப ஒழுங்காக வளராது. மதியம் பாலை நிறுப்பார்கள். நிறுத்தால் மட்டும் போதாது. பாலில் எவ்வளவு ரப்பர், எவ்வளவு தண்ணீர் என்று பார்க்க மெட்ரோலாக் என்ற கருவியை விடுவார்கள்.

ஆள் வந்ததா, வேலை முறைப்படி நடந்ததா, அளவு எவ்வளவு, தரம் எப்படி என்று நான்கு கேள்விகள். ஒரு வாளிப் பாலுக்கு இத்தனை கேள்வி கேட்ட தோட்டத்தில், அங்கே வளரும் பிள்ளைக்கான திட்டத்தில் மட்டும் பெரட்டோடு நின்றுவிடுகிறோம். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, பதாகைக்கு முன்னால் ஒரு படம். அவ்வளவுதான்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். தோட்டத்தின் கண்காணிப்பு தொழிலாளிக்காக நடந்ததல்ல, இலாபத்துக்காக நடந்தது. தவறு கண்டால் கூலியில் கை வைத்தார்கள். அதனால்தான் கண்காணிப்பு என்ற சொல்லைக் கேட்டாலே நம்மவர்களுக்கு ஒரு கசப்பு. இளைஞர் திட்டத்தில் அந்த வகைக் கண்காணிப்பு வேண்டாம். யாரைப் பிடிக்கலாம் என்று தேடாமல், எதைச் சரிசெய்யலாம் என்று தேடும் பார்வைதான் வேண்டும்.

சிவப்புப் புத்தகமும் தோட்டத்து வேலியும்

நாட்டு நிர்வாகத்திலும் இந்தப் பார்வைக்குப் பழைய முன்மாதிரி உண்டு. 1959இல் உருவான ஊரக வளர்ச்சி அமைச்சுக்குப் பொறுப்பேற்ற துன் அப்துல் ரசாக், மறு ஆண்டு மாவட்டங்கள் தோறும் சிவப்புப் புத்தகம் என்ற ஒன்றைக் கொண்டுவந்தார். அந்த மாவட்டத்துக்கு எந்தச் சாலை வேண்டும், எங்கே தண்ணீர்க் குழாய் வேண்டும், எங்கே பள்ளி வேண்டும் என்பதை மக்களிடம் கேட்டு வரைபடமாகவே அதில் குறிக்க வேண்டும். கோலாலம்பூரிலும் மாநிலங்களிலும் மாவட்டங்களிலும் செயற்பாட்டு அறைகள் திறக்கப்பட்டன. அவசரகாலத்தில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை எதிர்கொள்ள ராணுவமும் போலீசும் பயன்படுத்திய முறையை அவர் ஊரக வளர்ச்சிக்குத் திருப்பிக்கொண்டார். சுவரில் வரைபடம், எந்த வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் குறிகள். துன் ரசாக் மாவட்டங்களுக்கு நேரில் போய் அறையில் காட்டியதைக் களத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பார். காகிதத்தில் முடிந்த சாலை மண்ணில் முடியவில்லை என்றால் அங்கேயே கேள்வி.

அந்த முறையின் பலம், இலக்கையும் நடப்பையும் ஒரே சுவரில் பக்கம் பக்கமாக வைத்ததுதான். ஆனால் அந்தச் சுவரில் ஓர் இடைவெளி இருந்தது. தோட்டங்கள் தனியார் நிலம் என்பதால் ஊரக வளர்ச்சியின் பெரும்பகுதி தோட்டத்து வேலிக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. கம்பத்துக்குச் சாலையும் குழாயும் வந்தபோது, பக்கத்துத் தோட்டத்தின் லயத்துக்கு எது வரும், எப்போது வரும் என்பது நிர்வாகத்தின் கையில் இருந்தது. வரைபடத்தில் இல்லாத இடத்தை யாரும் சரிபார்க்கவும் போவதில்லை.

இன்றைய இளைஞர் திட்டங்களுக்கும் இது பொருந்தும். "நெகிரி செம்பிலான் மாநிலத்தில் 300 இளைஞர்கள் பயன்பெற்றனர்" என்று ஓர் அறிக்கை சொல்லலாம். அந்த 300 பேரில் சிரம்பானிலிருந்து எத்தனை, ஜுவாசே பக்கத்துத் தோட்டத்திலிருந்து எத்தனை என்று பிரித்துக் காட்டாத அறிக்கையில், தோட்டத்துப் பிள்ளைகள் மறுபடியும் வரைபடத்தில் இல்லாமல் போகிறார்கள்.

பணக் கணக்கு ஒன்று, பயன் கணக்கு வேறு

இந்தியச் சமுதாயத்துக்கென்று அரசாங்கம் ஏற்படுத்திய செடிக் என்ற பிரிவு 2014இல் தொடங்கியது. 2018இல் அது மித்ரா என்று பெயர் மாறியது. ஆண்டுக்கு 10 கோடி ரிங்கிட் என்ற ஒதுக்கீட்டைப் பற்றி நாம் அனைவரும் பேசியிருக்கிறோம். 2021இல் அந்த மானியங்கள் தொடர்பாக மலேசிய ஊழல் தடுப்பு ஆணையம் விசாரணையில் இறங்கியது, கைதுகளும் நடந்தன. காப்பிக் கடையிலும் நாடாளுமன்றத்திலும் ஒரே கேள்விதான்: பணம் எங்கே போனது?

நியாயமான கேள்வி. அதை விட்டுக்கொடுக்கவே கூடாது. ஆனால் அந்தக் கேள்விக்கு முழு விடை கிடைத்தாலும், பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வி அப்படியே நிற்கும். ஒவ்வொரு சென்னுக்கும் இரசீது வைத்திருக்கும் இயக்கம்கூட 24 மணி நேரத்துக்குப் பதிலாக 7 மணி நேரம் கொடுத்திருக்கலாம். மேலே பார்த்த உதாரணத்தில் பேருந்து வாடகைக்கு இரசீது உண்டு. சாப்பாட்டுக்கு உண்டு. பயிற்சியாளர் சம்பளத்துக்கும் உண்டு. கணக்காய்வாளர் குறை காண ஒன்றும் இல்லை. இழந்தது நேரத்தையும் வாய்ப்பையும். அவற்றுக்கு இரசீது கிடையாது.

உலகம் கண்டுகொண்டது

எழுதியபடி நடத்துவதால் அப்படி என்ன வித்தியாசம் வந்துவிடும் என்று கேட்கலாம். இதைப் பல நாடுகளில் அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் கில்பர்ட் போட்வின் என்ற ஆய்வாளர், மாணவர்கள் போதைப் பழக்கத்துக்குப் போகாமல் காக்கும் வாழ்க்கைத் திறன் பயிற்சி ஒன்றை உருவாக்கினார். 1985இல் 56 பள்ளிகளில் ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் ஆய்வு தொடங்கியது. அவர்கள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்வரை தொடர்ந்து கவனித்து, 1995இல் முடிவை வெளியிட்டார்கள். பயிற்சி பலன் தந்தது. ஆனால் பாடத்திட்டத்தில் குறைந்தது 60 விழுக்காடாவது உண்மையில் கிடைத்த மாணவர்களிடம்தான் பலன் மிக வலுவாகத் தெரிந்தது. ஒரே கையேடு, ஒரே பயிற்சி. கிடைத்த அளவு வேறு, பலனும் வேறு. நம் உதாரண மாணவருக்குக் கிடைத்தது 30 விழுக்காடுகூட இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாஷிங்டன் மாநிலத்தில், குற்றத்தில் சிக்கிய சிறார்களையும் அவர்கள் குடும்பத்தையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசும் ஓர் ஆலோசனைத் திட்டம் நடந்தது. 2004இல் வெளியான அதன் மதிப்பீடு, ஆலோசகர்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. முறையைத் திறமையாகப் பின்பற்றியவர்களிடம் வந்த சிறார்கள் மறுபடியும் கடுங்குற்றத்தில் சிக்குவது 38 விழுக்காடு குறைந்திருந்தது. முறையைச் சரியாகப் பின்பற்றாதவர்களிடம் வந்தவர்களுக்குப் பயனே இல்லை. குண்டர் கும்பல் பற்றிய கவலை நம் வீடுகளில் இருக்கும் காலம் இது. பயிற்சியாளர் என்று யாரை அனுப்புகிறோம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இதிலிருந்து புரியும்.

நமக்கு இன்னும் நெருக்கமான பாடம் இந்தியாவிலிருந்து கிடைக்கிறது. வாசிக்கத் தெரியாத பிள்ளைகளை வகுப்பு வாரியாகப் பிரிக்காமல், அவர்கள் இருக்கும் நிலை வாரியாகப் பிரித்துக் கற்பிக்கும் முறையைப் பிரதம் என்ற அமைப்பு வளர்த்தெடுத்தது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் அதைப் பல மாநிலங்களில் சோதித்தார்கள். பீகாரிலும் உத்தராகண்டிலும் அரசுப் பள்ளி ஆசிரியர்களிடம் புத்தகத்தையும் பயிற்சியையும் கொடுத்துவிட்டு வந்த இடங்களில் பெரிய மாற்றம் இல்லை. புத்தகம் பயன்பட்டது, ஆனால் முறை பயன்படவில்லை. பழைய பாணியிலேயே வகுப்பு ஓடியது. ஹரியானாவில் வேறு வழி எடுத்தார்கள். மேற்பார்வையாளர்கள் முதலில் தாங்களே அந்த முறையில் வகுப்பெடுத்துப் பழகினார்கள். பிறகு பள்ளிகளுக்குப் போய் ஆசிரியர்களுக்குத் துணை நின்றார்கள். அதற்கென்று நாளில் தனி நேரம் ஒதுக்கப்பட்டது. அங்கே பிள்ளைகளின் வாசிப்பு முன்னேறியது.

முறை மாறவில்லை, பிள்ளைகளும் வேறு விதமானவர்கள் இல்லை. முதலில் தோற்றபோது யாராவது "கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை" என்று கோப்பை மூடியிருந்தால், இரண்டாவது முடிவு வந்திருக்கவே வந்திருக்காது.

ஐந்து கேள்விகள்

எதை எல்லாம் பார்க்க வேண்டும் என்பதற்கு 1998இல் டேன், ஷ்னைடர் என்ற இரு ஆய்வாளர்கள் ஐந்து பகுதிகளைப் பிரித்துக் கொடுத்தார்கள். அப்போது அவர்கள் எடுத்துப் பார்த்த 162 ஆய்வுகளில் 39 மட்டுமே, திட்டம் எழுதியபடி நடந்ததா என்பதைப் பதிவு செய்ய ஒரு முறையை வைத்திருந்தன. ஆக, இந்தக் குறை நமக்கு மட்டும் உரியதல்ல. அந்த ஐந்தையும் நம் தோட்டப்புறச் சூழலுக்கு ஏற்ப இப்படிக் கேட்கலாம்.

முதல் கேள்வி: எழுதியது நடந்ததா? கையேட்டில் ஐந்து நடவடிக்கைகள் என்றால் இன்று எத்தனை நடந்தன? நேர்முகத் தேர்வுக்குப் பழகும் பயிற்சி என்று எழுதியிருந்தால், பிள்ளைகள் நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொல்லிப் பழகினார்களா?

இரண்டாவது: எவ்வளவு கிடைத்தது? எத்தனை வகுப்பு, எத்தனை நிமிடம், ஒவ்வொரு மாணவரும் எத்தனைக்கு வந்தார்? மொத்த வருகை அல்ல, ஒவ்வொருவரின் வருகை. நாற்பது பேர் வந்தார்கள் என்பதில், வாரா வாரம் வேறு வேறு நாற்பது பேர் வந்தார்கள் என்ற உண்மை மறைந்திருக்கலாம்.

மூன்றாவது: எப்படி நடந்தது? பயிற்சியாளர் பிள்ளைகளைப் பேசவிட்டாரா? தமிழில் விளக்க வேண்டிய இடத்தில் விளக்கினாரா? இதை அறிய வேறொருவர் பின் வரிசையில் இருபது நிமிடம் உட்கார்ந்தாலே போதும்.

நான்காவது: பிள்ளைகள் என்ன நினைத்தார்கள்? "நன்றாக இருந்ததா?" என்று கேட்டால் எல்லாரும் "நன்றாக இருந்தது" என்பார்கள். நம் பிள்ளைகளின் மரியாதை அப்படி. "இன்று கற்றதில் எதை நாளை செய்வாய்?" என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் அது பிள்ளையின் குறையாக இருக்க வேண்டியதில்லை, வகுப்பின் குறையாகவும் இருக்கலாம்.

ஐந்தாவது: இது ஏற்கெனவே கிடைப்பதிலிருந்து வேறுபட்டதா? பள்ளியில் நடக்கும் கூடுதல் வகுப்பையே இன்னொரு பெயரில் ஞாயிற்றுக்கிழமை நடத்தினால், அதற்கு ஒரு திட்டமும் மானியமும் எதற்கு?

எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது

எழுதியபடியே நடத்த வேண்டும் என்றால் ஓர் எழுத்துகூட மாற்றக்கூடாதா என்று தொண்டூழியர்கள் கேட்பார்கள். நியாயம்தான். கோலாலம்பூரில் எழுதிய கையேட்டில் எம்ஆர்டி ரயிலில் வேலைக்குப் போகும் உதாரணம் இருந்தால், கோலா பிலாவில் அதை மாற்றத்தான் வேண்டும். மலாயில் உள்ளதைத் தமிழில் விளக்கலாம். சனிக்கிழமை காலையில் பிள்ளைகள் வீட்டு வேலைக்கு உதவுகிறார்கள் என்றால் மாலைக்கு மாற்றலாம்.

மாற்றக்கூடாதது திட்டத்தின் உயிர்நாடி. சமையலில் மிளகாயைக் குறைக்கலாம், கூட்டலாம். உலையே வைக்காமல் சோறு ஆக்க முடியாது. வாழ்க்கைத் திறன் பயிற்சியில் உலை எது? பிள்ளைகள் திரும்பத் திரும்பச் செய்து பழகுவது. நேரம் போதவில்லை என்றால் நாம் முதலில் வெட்டுவதோ அந்தப் பழகும் நேரத்தைத்தான். உரையை விட்டுவைக்கிறோம், பயிற்சியை வெட்டுகிறோம். இதைத் தலைகீழாக மாற்றினாலே பாதி வேலை முடிந்தது.

எனவே எந்தத் திட்டத்தைத் தொடங்கும்போதும் ஏற்பாட்டுக் குழு முதல் கூட்டத்திலேயே இரண்டு பட்டியல் எழுதி வைப்பது நல்லது. சூழலுக்கு ஏற்ப மாற்றக்கூடியவை ஒரு பக்கம், எக்காரணம் கொண்டும் விடக்கூடாதவை மறுபக்கம். மழை வரும்போது யோசிப்பதைவிட, வெயில் அடிக்கும்போதே யோசித்து வைப்பது மேல்.

எழுதியபடி நடந்தாலே நல்லதா?

இங்கே ஓர் எச்சரிக்கை. எழுதியபடி நடப்பது மட்டுமே ஒரு திட்டத்தை நல்ல திட்டமாக ஆக்கிவிடாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1939இல் கேம்பிரிட்ஜ்-சோமர்வில் இளைஞர் ஆய்வு என்ற பெரிய முயற்சி தொடங்கியது. 506 சிறுவர்கள். அவர்களில் பாதிப் பேருக்கு ஆலோசகர் துணை, பாட உதவி, கோடை முகாம் என்று பல ஆண்டுகள் உண்மையான அக்கறையோடு செய்தார்கள். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடிப் பார்த்தபோது, உதவி பெற்றவர்களின் நிலை உதவி பெறாதவர்களைவிடச் சற்று மோசமாக இருந்தது. கோடை முகாமுக்கு ஒரு தடவைக்கு மேல் போனவர்களிடம் கெடுதல் அதிகமாகத் தெரிந்தது. தடம் மாறிய பையன்களை ஒரே இடத்தில் கூட்டிவைத்தபோது, ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டார்கள் என்று பின்னர் விளக்கினார்கள்.

பிரச்சினைக்குரிய பையன்களை எல்லாம் ஒன்றாகத் திரட்டி ஒரு வாரம் முகாம் போட்டால் திருந்திவிடுவார்கள் என்று நம்மில் பலர் நம்புகிறோம். இதைப் படித்த பிறகு ஒரு தடவை யோசிப்பது நல்லது. நடந்ததா என்ற கேள்வியும், நன்மை செய்ததா என்ற கேள்வியும் இரண்டு. முதலாவதற்கு விடை தெரிந்தால்தான் இரண்டாவதைக் கேட்கவே முடியும்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

இதற்கெல்லாம் பெரிய செலவு ஆகும், மென்பொருள் வேண்டும், பல்கலைக்கழகத்திலிருந்து ஆள் வர வேண்டும் என்று தயங்க வேண்டாம். தோட்டப்புறத்தில் நடக்கும் ஒரு வகுப்புக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு வாரமும் ஒரு பக்கம். தொடங்கிய நேரம், முடிந்த நேரம், வந்தவர்களின் பெயர், திட்டமிட்ட நடவடிக்கை, நடந்த நடவடிக்கை, மாற்றியது என்ன, ஏன். ஆறு வரி, ஐந்து நிமிட வேலை.

அதை யார் எழுதுவது என்பதில்தான் கவனம் வேண்டும். நடத்துகிறவரே எழுதினால் நல்லதே எழுத மனம் வரும். அது மனித இயல்பு. படிவம் நான்கு, ஐந்து படிக்கும் ஒரு மாணவியிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். தவறாமல் எழுதுவார். கூடவே, ஒரு திட்டத்தை எப்படி நடத்துவது என்பதையும் கற்றுக்கொள்வார். சிரம்பானிலும் கோலாலம்பூரிலும் வேலை செய்யும் நம் இளம் பட்டதாரிகள் பலர், "என் ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும், ஆனால் வாரா வாரம் வர முடியவில்லை" என்கிறார்கள். அலுவலகத்தில் தினமும் திட்ட அறிக்கையும் தரக் கட்டுப்பாடும் பார்க்கிறவர்கள் அவர்கள். மாதம் ஒருமுறை அந்த நோட்டின் படங்களைப் புலனத்தில் வாங்கிப் படித்து, "மூன்றாவது வாரம் பயிற்சி விடுபட்டிருக்கிறது, எப்போது ஈடு செய்கிறீர்கள்?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். அதுவே பெரிய தொண்டு.

மானியம் கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. விடுபட்ட வகுப்பை நேர்மையாக எழுதிய இயக்கத்துக்கு அடுத்த தவணையை நிறுத்தினால், மறு ஆண்டு எல்லா நோட்டுகளிலும் 12 வாரமும் நடந்திருக்கும். உண்மை சொன்னவருக்குத் தண்டனை என்றால் பொய்தான் பதிவாகும். விடுபட்டதை ஈடு செய்யக் கூடுதல் நாளும், முடிந்தால் பேருந்துச் செலவும் கொடுங்கள். மழைக்காலத்தில் தோட்டச் சாலைக்குள் வர முடியாது என்று மூன்று நோட்டுகள் ஒரே மாதிரி சொன்னால், அது அடுத்த திட்டத்தை எழுதுவதற்குக் கிடைத்த விலைமதிப்பில்லாத தகவல்.

பெற்றோரும் கேட்கலாம். பிள்ளையை அனுப்பும்போது, "எத்தனை வகுப்பு? யார் நடத்துகிறார்? விடுபட்டால் ஈடு உண்டா?" என்று மூன்றே கேள்வி. இலவசமாகத்தானே நடத்துகிறார்கள், கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். உங்களுக்கு இலவசம். உங்கள் பிள்ளைக்கு அல்ல. அவன் தன் பதினாறாவது வயதின் சனிக்கிழமைகளைக் கொடுக்கிறான். அவை திரும்பி வராது.

அந்த நோட்டு இருந்தால் ஆண்டு முடிவில் குழு கூடும்போது பேச்சே வேறு மாதிரி இருக்கும். ஒன்பது வகுப்புதான் நடந்திருக்கிறது, பயிற்சி நேரம் பாதிதான் கிடைத்திருக்கிறது, பேருந்துப் பாதையை மாற்ற வேண்டும் என்று பேசுவார்கள். பிள்ளைகளின் ஆர்வத்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு வரட்டும்.